அடுத்தவர் ஏற்பாடு செய்த வண்டியில் ஏறுவதற்கு முன்...

விடியற்காலை நாலரை மணி. கூலாய், செனாய், ஸ்கூடாய் சாலையோரங்களில் தொழிற்சாலைப் பேருந்துக்காக நம் பெண்கள் காத்து நிற்கிறார்கள். அதே நேரத்தில் ஆயிரக்கணக்கான மோட்டார் சைக்கிள்கள் சிங்கப்பூர்ப் பாலத்தை நோக்கி விரைகின்றன. குளுவாங், ரெங்கம், லாபிஸ் பக்கத்துத் தோட்டங்களில் வேலையாட்களை ஏற்ற லோரியோ டிராக்டரோ வந்து நிற்கும். ஆறு மணிக்குப் பள்ளி வேன் வாசலில் ஹாரன் அடிக்கும்.

ஜொகூரில் நம் குடும்பங்களின் ஒவ்வொரு நாளும் இப்படித்தான் தொடங்குகிறது. இதில் மோட்டார் சைக்கிளைத் தவிர மற்ற வண்டிகள் எதுவும் நாம் தேர்ந்தெடுத்தவை அல்ல. முதலாளியோ, குத்தகையாளரோ, பள்ளியோ ஏற்பாடு செய்ததில் நாம் ஏறி உட்காருகிறோம். ஓட்டுநர் இரவு தூங்கினாரா, பிரேக் சரியாக இருக்கிறதா என்று நமக்குத் தெரியாது. கேட்கும் பழக்கமும் நம்மிடம் இல்லை. கேட்காமல் இருந்தால் என்ன ஆகும் என்பதை 2025-ஆம் ஆண்டு இரண்டு முறை காட்டியது.

ஒரே மாதத்தில் 24 உயிர்கள்

2025 மே 13. தெலுக் இந்தானில் சித்ரா பௌர்ணமி விழாவுக்குப் பாதுகாப்புப் பணி செய்துவிட்டு ஈப்போவுக்குத் திரும்பிக்கொண்டிருந்த கலகத் தடுப்புப் போலீசாரின் லோரி மீது, கற்களை ஏற்றி வந்த லோரி மோதியது. 9 போலீசார் உயிரிழந்தனர். நம் திருவிழாவுக்குக் காவல் நின்றவர்கள் வீடு திரும்பவில்லை. அவர்கள் போனது வேலை கொடுத்தவரின் வண்டியில். அவர்களை மோதியதும் ஒரு வேலை வண்டிதான். அந்தக் கல் லோரி அனுமதிக்கப்பட்ட எடையைவிட மிக அதிகமான பாரத்தை ஏற்றியிருந்தது பின்னர் விசாரணையில் தெரியவந்தது.

நான்கு வாரம்கூட ஆகவில்லை. ஜூன் 9-ஆம் தேதி, நள்ளிரவு தாண்டி ஒரு மணியளவில், கெரிக் அருகே கிழக்கு மேற்கு நெடுஞ்சாலையில் ஒரு வாடகைப் பேருந்து கவிழ்ந்தது. ஹஜ்ஜுப் பெருநாள் விடுமுறை முடிந்து திரெங்கானு, ஜெர்தேயிலிருந்து தஞ்சோங் மாலிமில் உள்ள சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகத்துக்குத் திரும்பிய மாணவர்கள் அதில் இருந்தார்கள். அவர்களில் 15 பேர் மாண்டனர். நாளை ஆசிரியர்களாக வகுப்பறையில் நின்றிருக்க வேண்டிய பிள்ளைகள்.

விபத்துக்குப் பிந்திய விசாரணையில் இரண்டு விஷயங்கள் வெளிவந்தன. பேருந்து மணிக்கு 117 கிலோமீட்டருக்கும் அதிகமான வேகத்தில் போயிருக்கிறது. நம் நாட்டில் நெடுஞ்சாலையில்கூடப் பேருந்துகளின் உச்ச வேகம் 90 கிலோமீட்டர்தான். இன்னொன்று, பெர்மிட் வைத்திருந்த நிறுவனம் அதை வேறொருவருக்குக் குத்தகைக்கு விட்டிருந்தது. பெர்மிட் ஒருவர் பெயரில், பேருந்தை நடத்துவது வேறொருவர். பராமரிப்புக்கும் ஓட்டுநருக்கும் யார் பொறுப்பு என்று கேட்டால் ஆளுக்கு ஆள் கை காட்டலாம்.

நம் மாநிலம் இந்த வேதனையை முன்பே அறியும். 2016 டிசம்பர் 24-ஆம் தேதி விடியற்காலை, ஜொகூர்பாருவிலிருந்து கோலாலம்பூர் சென்ற விரைவுப் பேருந்து பாகோ அருகே பள்ளத்தில் பாய்ந்து 14 பேர் இறந்தார்கள். தெலுக் இந்தான் தவிர மற்ற இரண்டும் பயணிகள் தூங்கிக்கொண்டிருக்கும் நேரத்தில் நடந்தவை. ஓட்டுநருக்கும் தூக்கம் வரும் நேரம் அது.

சட்டம் எதுவரை எட்டுகிறது?

கெரிக் துயரத்துக்குப் பிறகு சில நடவடிக்கைகள் வேகம் பிடித்தன. 2025 ஜூலை 1 முதல் விரைவுப் பேருந்து, சுற்றுலாப் பேருந்துப் பயணிகள் இடுப்பு வார் அணிவது கட்டாயமானது. மீறினால் 300 ரிங்கிட் அபராதம். அக்டோபர் 1 முதல் கனரக வாகனங்களின் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி கட்டங் கட்டமாக நடைமுறைக்கு வந்தது.

இவை வரவேற்கத்தக்கவை. ஆனால் பாசிர் கூடாங்கிற்குப் போகும் தொழிற்சாலைப் பேருந்தும், தோட்டத்து லோரியும், பள்ளி வேனும் விரைவுப் பேருந்தும் அல்ல, சுற்றுலாப் பேருந்தும் அல்ல. நம் மக்கள் தினமும் ஏறுவது இவற்றில்தான். பன்னிரண்டு பேர் உட்கார வேண்டிய வேனில் புத்தகப் பையோடு இருபது பிள்ளைகள் அடைந்து போவதைப் பார்க்காத பெற்றோர் நம்மில் யார்?

வேன்காரரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. டீசல், டயர், பழுதுபார்ப்பு எல்லாம் ஏறிவிட்டன. மாதக் கட்டணத்தில் பத்து ரிங்கிட் கூட்டினால் நாம் வேறு வேன் தேடுகிறோம். அவர் காலையில் பள்ளி, மதியம் மறுபடி பள்ளி, இரவில் தொழிற்சாலை ஷிப்ட் என்று ஓடுகிறார். மலிவாகக் கிடைக்கும் பயணத்தின் மீதிப் பணத்தை ஓட்டுநரின் தூக்கம் கட்டுகிறது.

முதலாளியின் கடமை

ஆள் ஏற்றிச் செல்வது முதலாளி செய்யும் உதவி என்று நம்மில் பலர் நினைக்கிறோம். வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் 1994-இல் கொண்டுவரப்பட்டது. அதன் திருத்தம் 2024 ஜூன் 1 முதல் நடப்பில் இருக்கிறது. வேலையில் உள்ள ஆபத்துகளை மதிப்பிட்டு அவற்றைக் குறைப்பது முதலாளியின் கடமை என்கிறது அது. ஐந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளர் ஒருவர் இருக்க வேண்டும். குலைகளை ஏற்றும் லோரியில் ஆட்களை ஏற்றினால் அந்த ஆபத்தைப் பற்றி அவரிடம் கேட்கலாம். தொழிற்சங்கம் உள்ள தோட்டங்களில் கிளைத் தலைவர் வழியாகக் கேட்கலாம். தனியாகக் கேட்கப் பயப்படுபவர்களுக்கு அது நல்ல வழி.

அடுத்தது பெர்கேசோ. 1969-ஆம் ஆண்டுச் சட்டப்படி, வீட்டிலிருந்து வேலைக்கும் வேலையிலிருந்து வீட்டுக்கும் போகும் வழியில் நடக்கும் விபத்தும் வேலை விபத்தாகவே கருதப்படுகிறது. சொந்த மோட்டார் சைக்கிளில் போனாலும் அது பொருந்தும். ஆனால் வழக்கமான பாதையை விட்டு சொந்த வேலைக்காகத் திரும்பியிருந்தால் சிக்கல் வரும். தற்காலிகமாக வேலை செய்ய முடியாதபோது நாள் கூலியில் 80 விழுக்காடும், உயிரிழந்தால் குடும்பத்தினருக்கு 90 விழுக்காடும் கணக்கிட்டுக் கொடுக்கப்படும். விபத்தை முதலாளி 48 மணி நேரத்தில் தெரிவிக்க வேண்டும். குத்தகையாளரிடம் வேலை செய்பவர்கள், சந்தா உண்மையில் கட்டப்படுகிறதா என்று இப்போதே பெர்கேசோ அலுவலகத்தில் கேட்டுவிடுவது நல்லது. விபத்துக்குப் பிறகு கேட்டு அலைபவர்களின் கதைகள் நமக்குப் புதிதல்ல.

சிங்கப்பூருக்குப் போய் வருபவர்களின் நிலை வேறு. அங்குள்ள முதலாளியிடம் வேலை செய்பவருக்கு அந்த நாட்டின் இழப்பீட்டுச் சட்டமே பொருந்தும். முதலாளி ஏற்பாடு செய்த வண்டியில் போகும்போது நேரும் விபத்துக்கு அதில் இடமுண்டு. சொந்த மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போகும் வழியில் நேர்வதற்குப் பொதுவாக இடமில்லை. இருட்டிலும் மழையிலும் பாலம் தாண்டும் நம் இளைஞர்கள் தனிப்பட்ட விபத்துக் காப்புறுதி எடுத்துக்கொள்வது அவசியம். சாலையில் ஆண்டுக்கு 6,000 பேருக்கும் மேல் இறக்கும் நம் நாட்டில், மூன்றில் இரண்டு பேர் மோட்டார் சைக்கிளில் போனவர்கள்.

நாம் கேட்க வேண்டியவை

பள்ளிச் சுற்றுலாவோ கோயில் பயணமோ, பேருந்து பிடிக்கும்போது விலையை மட்டும் கேட்காதீர்கள். பெர்மிட் யார் பெயரில் இருக்கிறது, பேருந்தை நடத்துபவர் அவர்தானா, புஸ்பாகோம் சோதனை எப்போது முடிந்தது என்று கேளுங்கள். வர்த்தக வாகனங்களுக்கு அந்தச் சோதனை ஆறு மாதத்துக்கு ஒரு முறை. ஓட்டுநரிடம் பி.எஸ்.வி. உரிமம் இருக்க வேண்டும். இரவுப் பயணம் என்றால் மாற்று ஓட்டுநர் உண்டா என்று கேளுங்கள். முடிந்தால் பகலில் கிளம்புங்கள்.

பிள்ளைகளை சொந்தக் காரில் ஏற்றிக் காசு வாங்குபவரிடம், அவருடைய காப்புறுதி அதற்கு ஒப்புக்கொள்கிறதா என்று கேட்க வேண்டும். சாதாரணக் கார்க் காப்புறுதி வாடகை ஓட்டத்துக்குப் பொருந்தாது.

பெற்றோர் ஆசிரியர் சங்கம் ஆண்டுத் தொடக்கத்தில் ஒரு கூட்டம் போட்டு, பள்ளிக்கு வரும் வேன்களின் பெர்மிட், ஓட்டுநர் உரிமம், இருக்கைக் கணக்கு மூன்றையும் எழுதி வைக்கலாம். ஒரு பெற்றோர் கேட்டால் வேன்காரருக்குக் கோபம் வரும். ஐம்பது பெற்றோர் சேர்ந்து கேட்டால் பதில் வரும். நியாயமான கட்டணத்தையும் அதே கூட்டத்தில் பேசி முடிவு செய்யலாம்.

நாளைக் காலை உங்கள் மகள் பேருந்தில் ஏறும்போது, இருக்கையில் வார் இருக்கிறதா என்று பார்த்து மாட்டச் சொல்லுங்கள். இல்லையென்றால், ஏன் இல்லை என்று யாரிடம் கேட்பது என்பதை இன்று இரவே வீட்டில் பேசி வையுங்கள்.