உண்ணியும் உதிரமும்

தாராவியிலும் செம்பூரிலும் மாட்டுங்காவிலும் வாழும் நம்மவர் பலர், ஊரிலுள்ள பெற்றோர்க்கு அனுப்பும் தொகையில் ஒரு பகுதி கலப்பினக் கறவைப் பசுவாக மாறித் தொழுவத்தில் நிற்கின்றது. மகன் பணம் திங்களுக்கு ஒருமுறை வரும். பசுவின் பணமோ காலையும் மாலையும் வரும். அத்தகைய பசு நான்கு நாட் காய்ச்சலில் மாண்டது என்று தொலைபேசியில் செய்தி வரும்போது, கண்ணேறு என்பாரும் உண்டு. காலக்கேடு என்பாரும் உண்டு. பல வேளைகளில் காரணம் அதன் காதுமடலிலேயே ஒட்டிக்கொண்டிருந்திருக்கும். அதுவே உண்ணி.

உண்ணி உறிஞ்சும் குருதி சிறிதே. அது குருதியில் விட்டுச் செல்வதுதான் பெரிது. உண்ணியின் உமிழ்நீர் வழியே கண்ணுக்குப் புலனாகா ஒட்டுண்ணிகள் மாட்டின் உடலிற் புகுந்து, செவ்வணுக்களுக்குள் குடியேறி, பெருகி, அவற்றைச் சிதைக்கின்றன. 1888ஆம் ஆண்டில் ருமேனியா நாட்டில் விக்டர் பாபேஷ் என்னும் அறிஞர் மாட்டுக் குருதியில் இவற்றைக் கண்டார். அவர் பெயராலேயே இவை பபீசியா எனப்படுகின்றன. இவற்றைச் சுமந்து வருவது உண்ணியே என்பதை அமெரிக்காவில் தியோபால்டு சுமித்தும் கில்போர்னும் 1893இல் நிறுவினர். தென்பகுதி மாடுகள் நோயின்றி நடந்து வர, அவை மேய்ந்த புலத்தில் மேய்ந்த வடபகுதி மாடுகள் செத்து விழுந்தன. தாய் உண்ணி மாட்டிலிருந்து உதிர்ந்து மண்ணில் முட்டையிட, பொரித்து வரும் குஞ்சுகள் நோயைப் பிறவியிலேயே பெற்று வருகின்றன என்பதே அவர்கள் கண்ட விந்தை. மலேரியாவைக் கொசுவோடு இணைத்து ரொனால்டு ராஸ் செகந்தராபாத்தில் புகழ் பெற்றது 1897இல். கொசுவுக்கு முன்னரே உண்ணி பிடிபட்டுவிட்டது என்பதைப் பலர் அறியார்.

நம் சென்னைக்கும் இவ்வரலாற்றில் இடமுண்டு. சென்னை வேட்டைச் சங்கத்தின் நாய்களுடைய குருதியில் புதியதொரு வகை ஒட்டுண்ணியைக் கண்டு 1910இல் எழுதியவர் பாட்டன் என்பார். (பெயர்தான் பாட்டன்; நமக்கு உறவினர் அல்லர்.) பின்னர் அதே உயிரை அவர் நரியின் குருதியிலும் கண்டார். துரைமார் நாய்களும் அவை துரத்திய நரிகளும் ஒரே நோயைப் பகிர்ந்துகொண்டன! பபீசியா கிப்சோனி என்னும் அவ்வகை இன்று உலகின் பல நாடுகளில் நாய்களை வருத்துகின்றது.

இனி மாட்டுக்கு வருவோம். நம் நாட்டில் அஞ்சத்தக்கவை இரண்டு. ஒன்று மேற்கூறிய பபீசியா. கடுங்காய்ச்சல் வரும், சிறுநீர் காப்பி நிறமாகவோ செந்நிறமாகவோ போகும். மற்றொன்று தைலேரியா. இது முதலில் வெள்ளணுக்களைப் பற்றி, அவற்றைப் புற்றுநோய் போலப் பெருகச் செய்து, அதன் பின்னரே செவ்வணுக்களுக்குச் செல்லும். தோள்பட்டைக்கு முன்னும் காதின் கீழும் நெறிகட்டி வீங்கும், காய்ச்சல் 105, 106 பாகை ஏறும், பால் வற்றும், கண்ணின் உட்சவ்வு வெளிறும். நாட்டு மாடுகள் இதனைப் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். ஜெர்சியும் ஹோல்ஸ்டீனும் கலந்தவை தாங்கா. பால் மிகுதி வேண்டி நாம் வாங்கிய பசுவே எளிதில் வீழும் பசுவாயிற்று.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பபீசியாவுக்குப் பயன்படும் ஊசி தைலேரியாவைத் தீர்க்காது. தைலேரியாவுக்கு பூபார்வகோன் என்னும் வேறு மருந்து உண்டு. தொடக்கத்திலேயே போட்டால் நற்பயன் தருவது. விலை சற்று மிகுதி. எந்நோய் என்பதைக் காதுநுனிக் குருதியில் ஒரு துளியைக் கண்ணாடிச் சில்லில் பூசிப் பார்த்தால் அறியலாம். "ஏதோ ஓர் ஊசி போட்டார்கள்" என்று ஊரிலிருந்து சொன்னால், "குருதி பார்த்தார்களா?" என்று திருப்பிக் கேளுங்கள். மும்பையிலிருந்து நாம் செய்யக்கூடிய மருத்துவம் இவ்வொரு வினாவே. தமிழ்நாட்டில் 1962 என்னும் எண்ணை அழைத்தால் கால்நடை மருத்துவ ஊர்தி ஊருக்கே வரும் என்பதையும் பெரியவர்களுக்குச் சொல்லி வையுங்கள். பாலின் வழியே இந்நோய் மக்களுக்குப் பரவாது, அவ்வச்சம் வேண்டா.

தாராவியில் தோல் பதனிடும் சாலைகள் நிறைந்திருந்த காலத்தில் அங்கு உழைத்த நம் திருநெல்வேலிப் பெரியவர்கள் உண்ணியை வேறொரு வகையில் அறிவார்கள். மயிர் நீக்கிய தோலை ஒளியில் விரித்தால் உண்ணி கடித்த இடமெல்லாம் புள்ளி புள்ளியாகத் தெரியும். அத்தோலுக்கு விலை குறையும். உயிரோடிருக்கும்போது பாலைக் குறைத்த உண்ணி, செத்த பின்னும் விலையைக் குறைத்தது.

தைலேரியாவைச் சுமக்கும் உண்ணி தொழுவத்துச் சுவரின் வெடிப்புகளிலும் கல்லிடுக்குகளிலும் ஒளிந்து வாழ்வது. மாட்டின்மேல் மட்டும் மருந்தடித்துவிட்டுச் சுவரை மறந்தால், சில நாட்களில் புதுப்படை இறங்கிவிடும். பண்டிகைக்கென்று அனுப்பும் பணத்தில் ஒரு மூட்டை சிமிட்டிக்கும் ஒரு கொத்தனார் கூலிக்கும் ஒதுக்கி, தொழுவத்தின் வெடிப்புகளைப் பூசச் சொல்வது நன்று. மண்ணெண்ணெய் தடவும் வழக்கத்தை விட்டொழிக்க வேண்டும். அது தோலைப் புண்ணாக்கும். தொழுவத்தில் நான்கு கோழிகள் திரிந்தால் அவை உண்ணியைக் கொத்தித் தின்னும், செலவில்லாத காவல். உண்ணியை வெறுங்கையால் நசுக்கலாகாது. 2011இல் குஜராத்தில் சிலரைக் கொன்ற கிரிமியா காங்கோக் காய்ச்சலின் நச்சுயிரும் இவ்வினத்து உண்ணிகளிலேயே வாழ்வது.

இங்கே மும்பையில் மாடு இல்லாதோர் வீட்டிலும் நாய் உண்டு. சோர்வு, உணவு மறுத்தல், வெளிறிய ஈறு, கருத்த சிறுநீர் ஆகியவை கண்டால் காலம் தாழ்த்தலாகாது. மனிதர்க்குரிய காய்ச்சல் மாத்திரையைக் கொடுப்பது தீங்கு. பபீசியா மட்டுமன்றி எர்லிக்கியா என்னும் வேறொரு நுண்ணுயிரையும் நாய் உண்ணி தரும் ஆதலின், இங்கும் குருதிச் சோதனையே வழி. பரேலில் 1886இல் தோன்றிய கால்நடை மருத்துவக் கல்லூரியும், பாய் சகர்பாய் தின்ஷா பெட்டிட் பெயரிலுள்ள விலங்கு மருத்துவமனையும் உள்ளன. கிப்சோனி வகை, நாய்கள் ஒன்றையொன்று கடித்துச் சண்டையிடுவதாலும் பரவும். தெரு நாய்ச் சண்டையில் காயமுற்று வந்த வளர்ப்பு நாயைச் சில வாரங்கள் கவனித்தல் வேண்டும். பபீசியாவைப் பொறுத்தவரை, உண்ணி கடித்தவுடன் நோய் புகுந்துவிடுவதில்லை. பெரும்பாலும் இரண்டு மூன்று நாள் ஒட்டியிருந்த பின்னரே புகும். எனவே மாலைதோறும் காது, கழுத்து, விரலிடுக்கு மூன்றையும் தடவிப் பார்த்து, கண்டதை இடுக்கியாற் பற்றி எடுத்து, சோப்பு நீரில் இடுக. நாய் உண்ணி சுவரில் மேல்நோக்கி ஏறும் இயல்புடையது. கட்டிலின் அடியைத் துழாவுவோர் கதவு நிலையின் மேல்மூலையையும் ஒருமுறை பார்க்கட்டும்.