நயம் பாராட்டலும் வாசிப்பும்: பள்ளி இலக்கியக் கல்வி குறித்த ஒரு கருத்துரை

தமிழகப் பள்ளிகளில் பத்தாம் வகுப்பிலும் மேனிலை வகுப்புகளிலும் இலக்கிய நயம் பாராட்டும் பயிற்சி நிலைபெற்றுள்ளது. ஒரு பாடலைத் தந்து, மையக்கருத்து, மோனை, எதுகை, இயைபு, அணி, சந்தம், சுவை முதலிய தலைப்புகளில் விடையெழுதச் செய்வது வழக்கம். பாடலைத் தாமே படித்துச் சுவைக்கும் ஆற்றலை மாணவரிடத்து வளர்ப்பதே இதன் நோக்கமாகும். ஆயின், நடைமுறையில் இந்நோக்கம் நிறைவேறுவதாகக் கூற இயலாது. மோனையைக் காட்டு யானையோடும் எதுகையை மதுரை வைகையோடும் இணைத்துச் சொல்லும் தொடர்களை மாணவர் முன்னரே மனப்பாடம் செய்துகொள்கின்றனர். தேர்வறையில் அத்தொடர்களுக்குக் கீழே பாடலின் சொற்களைப் பொருத்தி எழுதினால் விடை முழுமை பெற்றுவிடுகிறது. எப்பாடலுக்கும் பொருந்தும் விடை எப்பாடலையும் படித்ததற்குச் சான்றாகாது.

வாய்பாட்டின் தேவை

இவ்வாய்பாட்டை ஆசிரியரின் குறையாக மட்டும் கருதுவது முறையன்று. தேர்ச்சி விழுக்காட்டைக் கொண்டே பள்ளி மதிப்பிடப்படும் சூழலில், மெல்லக் கற்கும் மாணவருக்கு உறுதியான சில மதிப்பெண்களைப் பெற்றுத் தரும் துணையாகவே ஆசிரியர் அதனைக் கையாள்கின்றனர். வீட்டில் நூல்களோடு பழகும் வாய்ப்பில்லாத முதல் தலைமுறை மாணவருக்கு அது ஒரு பிடிமானமும் ஆகும். எனவே வாய்பாட்டை அகற்றுவதைக் காட்டிலும் அதன் இடத்தை மாற்றுவதே தக்கது. தொடையையும் அணியையும் பெயரிட்டுக் காட்டுதல் வாசிப்பின் முடிவில் நிகழ வேண்டும். இன்று அதுவே தொடக்கமாகவும் முடிவாகவும் அமைந்துவிட்டது.

கூற்றும் கேட்போரும்

வாசிப்பைத் தொடங்குதற்குரிய வினாக்களைத் தமிழ் மரபே வழங்கியுள்ளது. தொல்காப்பியச் செய்யுளியல் கூறும் முப்பத்து நான்கு உறுப்புகளுள் எழுத்து, அசை, சீர், தொடை முதலியன பள்ளிக்கு நன்கு அறிமுகமானவை. அதே வரிசையில் இடம்பெறும் கூற்று, கேட்போர், களன், காலம், பயன், மெய்ப்பாடு, எச்சம், முன்னம் ஆகியன நயம் பாராட்டும் வினாவுக்குள் நுழையவே இல்லை. யார், யாரிடம், எங்கு, எப்பொழுது, எதன்பொருட்டுக் கூறுகின்றார், எதனைக் கூறாது விடுகின்றார் என எளிய தமிழில் இவற்றை வகுப்பறை வினாக்களாக்க முடியும்.

குறுந்தொகையின் நாற்பதாம் பாடல் இதற்குத் தக்க சான்று. அதில் அமைந்த உவமையே அதன் புலவருக்குச் செம்புலப்பெயனீரார் என்னும் பெயரைத் தந்தது. அது உவமை எனக் குறிப்பிட்டு விளக்கியவுடன் மாணவரின் பணி முடிந்துவிடுகிறது; பாடல் காதலின் சிறப்பைப் போற்றுவதாகப் பொதுவாக எழுதப்படுகிறது. தலைவன் தன்னைப் பிரிந்துவிடுவானோ என அஞ்சும் தலைவியின் குறிப்பறிந்து அவன் கூறும் கூற்று அது என்பதைத் துறை உணர்த்துகிறது. இதனை அறிந்தபின் பாடலின் பொருளே வேறாகிறது. போற்றுரையாகத் தோன்றியது, அச்சம் கொண்ட ஒருத்திக்கு உரைக்கப்படும் தேற்றுரையாகிறது. செம்மண்ணில் பெய்த நீர் அம்மண்ணின் நிறம் பெற்றபின் பழைய நீராக இராது என்பதைச் செம்மண் நிலத்து மாணவர் எவரும் கண்டிருப்பர். வேறு நிலம் ஏன் கூறப்படவில்லை என வினவினால், அவர்தம் பட்டறிவே உரையாகும்.

புதினத்தின் பகுதியும் முழுமையும்

புதினத்தைக் கற்பிப்பதில் சிக்கல் வேறு வகையானது. கி. ராஜநாராயணனின் 'கோபல்லபுரத்து மக்கள்' புதினத்தின் ஒரு பகுதி பத்தாம் வகுப்புப் பாடநூலில் விருந்தோம்பலைப் பேசும் இயலில் விரிவானமாக இடம்பெற்றுள்ளது. 1991-ஆம் ஆண்டிற்கான சாகித்திய அகாதெமி விருதைப் பெற்ற இப்படைப்பு, 1976-இல் வெளிவந்த 'கோபல்ல கிராமம்' புதினத்தின் தொடர்ச்சியாகும். கரிசல் நிலத்துப் பேச்சுமொழி பாடநூலுக்குள் வந்தமை வரவேற்கத்தக்கதே. எனினும், இயலின் தலைப்பே பகுதியின் பொருளை முன்கூட்டித் தீர்மானித்துவிடுவதால், வழிப்போக்கனுக்கு உணவளிக்கும் நிகழ்ச்சி ஓர் அறவுரையாகச் சுருங்குகிறது, விடை கதைச்சுருக்கமாகிறது.

இங்கும் அதே வினாக்கள் துணைநிற்கும். கதையைச் சொல்லும் குரல் யாருடையது? அது ஊரின் உள்ளிருந்து பேசுகிறதா, வெளியே நின்று பேசுகிறதா? எழுத்துமொழியும் பேச்சுமொழியும் எவ்விடத்தில் மாறுகின்றன? பசியோடு வந்தவன் தன்னைப் பற்றி எவற்றைச் சொல்லாமல் விடுகின்றான்? செய்யுளுக்கென வகுக்கப்பட்ட உறுப்புகள், 1879-இல் 'பிரதாப முதலியார் சரித்திரம்' வழித் தமிழில் அறிமுகமான ஒரு வடிவத்திற்கு முற்றிலும் பொருந்தும் எனக் கொள்ளுதல் மிகையாகும். பாத்திரத்தின் அகவளர்ச்சி, பல தலைமுறைகள் தழுவிய கால விரிவு போன்றவற்றிற்குப் புதிய கருவிகள் வேண்டும். ஆனால் பள்ளி நிலையில் பாடலுக்கும் புதினத்துக்கும் பொதுவான ஒரு தொடக்கப்புள்ளியாக இவ்வினாக்கள் போதுமானவை.

நிறைவாக

பாடத்திட்டம் முழுவதையும் மாற்றாமலேயே இதனைத் தொடங்க இயலும். மோனையை எடுத்தெழுதுமாறு கேட்கும் வினாவோடு, அச்சொல் மாறினால் பாடல் எதனை இழக்கும் என்னும் வினாவையும் சேர்க்கலாம். விடைக்குறிப்பு ஒரே விடையை வற்புறுத்தாது, பாடலிலிருந்து காரணம் காட்டும் எவ்விடைக்கும் மதிப்பெண் வழங்க வேண்டும். புதினப் பகுதியைக் கற்பிக்கும் பருவத்தில் முழுநூலின் சில படிகளேனும் பள்ளி நூலகத்தில் கிடைக்கச் செய்தல் வேண்டும்.

செய்யுளுறுப்புகளுள் ஒன்றாகத் தொல்காப்பியர் நோக்கு என்பதனையும் வைத்தார். கேட்போரை மீண்டும் நோக்கிப் பயன்கொள்ளச் செய்வது அது என உரைமரபு விளக்கும். மனப்பாடத் தொடர் மாணவருக்கு மதிப்பெண்ணை ஈட்டித் தரலாம். பாடலை மறுமுறை நோக்கும் தேவையை அது இல்லாமலாக்கிவிடுகிறது. அத்தேவையை மீட்டுத் தருவதே பள்ளி இலக்கியக் கல்வியின் முதற்கடமையாகும்.