தக்ளி சுத்த யாராச்சும் வாரீகளா?

மொதல்ல ஒரு சின்ன கொசுவத்தி சுத்திக்கிறேன் மக்கா.

போன லீவுக்கு ஆழ்வார்திருநகரி போயிருந்தப்போ, அம்மா பரண்ல இருந்து ஒரு தகரப் பெட்டியை இறக்கச் சொன்னாங்க. அதுக்குள்ள ஒரு தக்ளி கிடந்துது. ஒரு கம்பி, அடியில பித்தளை வட்டு, அவ்ளோதான். பள்ளிக்கூடத்துல கைத்தொழில் வகுப்புக்கு வாங்கினதாம். "இப்பவும் வருமா?"ன்னு கேட்டேன். விளக்குத்திரிக்கு வெச்சிருந்த பஞ்சுல ஒரு துண்டைப் பிச்சாங்க, ஒரு சுண்டு சுண்டினாங்க. அம்பது வருஷம் கழிச்சும் நூல் சும்மா வருது! நான் சுத்தினா நாலு விரக்கடைக்கு ஒரு தடவை அறுந்துது. "சொல்லித் தந்தா வராதுடே, கூட உக்காரணும்"னாங்க.

எங்க போய் உக்கார? அதான் இந்தப் பதிவு.

ஒரு நெசவாளர் கூட்டுறவு சங்கத்துல போய்க் கேட்டேன். (பேர் வேண்டாம், அவங்க மேல தப்பில்ல.) "தம்பி, இது பொழைப்பு, பொழுதுபோக்கு இல்ல"ன்னு சிரிச்சிட்டு அனுப்பிட்டாங்க. சேலத்துல 1960-ல ஆரம்பிச்ச கைத்தறித் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கு; ஆனா அது டிப்ளமோ படிச்சு வேலைக்குப் போறவங்களுக்கு. ஆபீஸ்ல ஆணி புடுங்கிட்டு ஞாயித்துக்கிழமை மட்டும் கத்துக்க நினைக்கிற என்னை மாதிரி ஆளுக்கு எங்கயும் இடமில்ல. அமெரிக்காவுல 1969-லயே கைநெசவாளர் கில்டு ஆரம்பிச்சுட்டாங்க. டீச்சர், நர்ஸ், ரிட்டையர் ஆன தாத்தா, யாரு வேணா சேந்து தறியில உக்காரலாம்.

நமக்கு இதெல்லாம் புதுசும் இல்ல. கீழடியில தக்ளி வட்டு தோண்டி எடுத்திருக்காங்க. தூத்துக்குடியில வ.உ.சி. கப்பல் மட்டும் விடல, 'தரும சங்க நெசவுச் சாலை'யும் நடத்தினார். 1925-ல காந்தி ஆரம்பிச்ச அகில இந்திய நூற்போர் சங்கத்துல முதல் வகுப்பு உறுப்பினர் சந்தா என்ன தெரியுமா? காசு இல்ல. மாசம் 1000 கெஜம் சொந்தமா நூத்த நூல்! அம்பர் சர்க்காவை உருவாக்கின ஏகாம்பரநாதனும் நம்ம திருநெல்வேலிச் சீமைக்காரர்தான்.

ஒரு கணக்கு போட்டுப் பாத்தேன். அங்குலத்துக்கு 40 இழை, 40 அங்குல அகலம்னா பாவுல 1600 இழை. 4 மீட்டர் வேட்டிக்கு 6400 மீட்டர். ஊடைக்கும் ஏறக்குறைய அதே அளவு. ஆக கிட்டத்தட்ட 13 கிலோமீட்டர் நூல். எங்க ஊர்ல இருந்து ஸ்ரீவைகுண்டம் போயிட்டுத் திரும்பினாலும் மிச்சமிருக்கும். மாசம் 1000 கெஜம்னு நூத்தா 14 மாசம் ஆகும், ஒத்த வேட்டிக்கு. இந்தக் கணக்கு போட்ட நாள்லேர்ந்து கைத்தறிக் கடையில பேரம் பேச எனக்கு வாய் வரல :-)

"நெய்யுதவனே பிள்ளைய இன்ஜினியரிங் சேக்கான், உனக்கு என்னத்துக்குல இந்த வேண்டாத வேலை?"ன்னு சேக்காளி ஒருத்தன் கேட்டான். நியாயமான கேள்வி. கைத்தறி அழியுதேன்னு ஏசி ரூம்ல இருந்து கண்ணீர் விடுற ஆளா ஆயிடக் கூடாதுன்னு எனக்கும் பயம் உண்டு. நாம ஞாயித்துக்கிழமை நூக்குறதால யார் வீட்டுலயும் கூடுதலா உலை கொதிக்கப் போறதில்ல.

ஆனா பாருங்க, பாட்டுக்கும் பரதத்துக்கும் மாசச் சம்பளம் கொடுத்துக் கத்துக்கிறோம். தறியில நாப்பது வருஷம் கால் மிதிச்ச கைக்கு 'வாத்தியார்'னு ஒரு பேரும் இல்ல, சம்பளமும் இல்ல. அவருக்குத் தெரிஞ்சதுக்கு விலை, துணி கணக்குல மட்டும்தான். பத்து பேர் சேந்து மாசம் ஆளுக்கு 500 ரூபா போட்டா 5000. அதை அப்படியே வாத்தியார் கையில கொடுத்துட்டு, தார் சுத்துறதுலேர்ந்து ஆரம்பிக்கலாம். மொதல்ல தக்ளி, அப்புறம் பெட்டி ராட்டை. பஞ்சுக்கு வெளியூர் எல்லாம் போக வேண்டாம், நம்ம கரிசல் காட்டுக் கருங்கண்ணி இருக்கு. ஒருநாள் வண்டி பிடிச்சுப் பத்தமடைக்குப் போய், கோரையை எவ்ளோ மெலிசா கிழிச்சுப் பாய் நெய்றாங்கன்னு பாத்துட்டு வரலாம். ஆனா இனாமா யார்கிட்டயும் கத்துக்கக் கூடாது. அது ஒண்ணுதான் நான் போடுற சட்டம்.

எங்க ஊர்ப் புளியமரத்தடியில இருந்த நம்மாழ்வார்கிட்ட மதுரகவி வந்து சேந்த கதை தெரிஞ்சதுதானே? வந்தவருக்கு வயசு ஜாஸ்தி, உட்கார்ந்திருந்தவர் சின்னப் பையன். பிறப்பு வேற. அதையெல்லாம் பாக்காம கத்துக்கிட்டார். தறிக்கு முன்னாடியும் நாம அப்படி உக்காந்தா என்னவாம்?

அம்மாவுக்கு இப்போ விரல்ல வாதம். இன்னும் எத்தனை வருஷம் அந்தத் தக்ளி சுத்தும்னு தெரியாது. நான் இப்போ நாலு விரக்கடையிலேர்ந்து ஒரு முழத்துக்கு வந்திருக்கேன். மீதி 13 கிலோமீட்டருக்குத் துணைக்கு ஆள் வேணும். வாரீகளா?