ஓநாய் தோற்கட்டும், விடுங்கப்பா!

போன வாரம் ராத்திரி பதினோரு மணிக்கு நண்பன் ஒருத்தன் போன் பண்ணினான். ஹலோகூட சொல்லலை.

"டேய், நீ சொன்னேன்னு காசு குடுத்து வாங்கினேன். இதெல்லாம் ஒரு கேமாடா? ஒரு மான், வெறும் மான், என்னை உதைச்சே கொன்னுடுச்சு. மூணு தடவை! இப்ப முயல் பிடிச்சுத் தின்னுக்கிட்டுத் திரியறேன். நான் ஓநாய்டா!"

எனக்குச் சிரிச்சு முடிக்கவே ரெண்டு நிமிஷம் ஆச்சு. ஆனா போனை வச்சப்புறம் அந்தக் கடைசி வரி மட்டும் மண்டைக்குள்ள சுத்திக்கிட்டே இருந்தது. "நான் ஓநாய்டா". ஓநாயா இருந்தா மான் செத்தே ஆகணும்ங்கிற நினைப்பு. இந்தப் பதிவு அந்த நினைப்புக்கு எதிரானது. நண்பனுக்கு எதிரானது இல்லை. (அவன் படிப்பான்னு தெரியும், அதான் முன்ஜாமீன்.) :-)

தெரியாதவங்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். கேம் பேரு உல்ஃப்க்வெஸ்ட். 2007-ல மினசோட்டா மிருகக்காட்சி சாலையும் எடுவெப்ங்கிற நிறுவனமும் சேர்ந்து, அமெரிக்க தேசிய அறிவியல் அறக்கட்டளையோட நிதியில, இலவசமா வெளியிட்ட கேம். 2019-ல இருந்து அதையே புதுசா எழுதி 'ஆனிவர்சரி எடிஷன்'னு விக்கறாங்க. நீங்கதான் ஓநாய். இடம் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்கா. மோப்பம் பிடிக்கணும், வேட்டையாடணும், ஜோடி தேடணும், குட்டி போட்டு வளர்க்கணும். துப்பாக்கி கிடையாது, மந்திரம் கிடையாது. வாயில பல்லு இருக்கு, அவ்ளோதான்.

முக்கிய இரை எல்க். நம்மாளு "வெறும் மான்"னு சொன்னானே, அதுதான். பெண் எல்க் ஒண்ணு இருநூறு கிலோவைத் தாண்டும். ஆண் எல்க் முந்நூறைத் தாண்டும், தலைமேல கொம்பு வேற. ஓநாய் எவ்ளோ தெரியுமா? நாற்பது, ஐம்பது கிலோ. அதாவது உங்களை மாதிரி அஞ்சாறு மடங்கு எடையுள்ள ஒண்ணை, கையே இல்லாம, வாயாலயே பிடிச்சு நிறுத்தணும். அது சும்மா நிக்குமா? உதைக்கும்.

இந்தக் கேம் மேல நான் கேட்ட புகார்கள் மூணு வகை. ஒண்ணொண்ணா வர்றேன்.

புகார் 1: "எல்க் ரொம்ப பலமா இருக்கு, பேலன்ஸ் சரியில்லை."

பேலன்ஸ் சரியில்லாததுதாங்க உண்மை. யெல்லோஸ்டோன்ல வருஷக்கணக்கா ஓநாய் வேட்டையை நேர்ல கவனிச்சுப் பதிவு செஞ்சிருக்காங்க. எல்க் வேட்டையில அஞ்சு தடவை முயற்சி பண்ணினா ஒரு தடவை ஜெயிச்சா பெரிய விஷயம்.

இன்னும் பழைய கதை ஒண்ணு சொல்றேன். சுபீரியர் ஏரிக்கு நடுவுல ஐல் ராயல்னு ஒரு தீவு. அங்க ஓநாய்க்கு இரை மூஸ், எல்க்கைவிடப் பெரிய ஜந்து. டேவிட் மெக்ங்கிற ஆராய்ச்சியாளர் குளிர்காலத்துல குட்டி விமானத்துல பறந்து பறந்து ஓநாய்க் கூட்டத்தைப் பின்தொடர்ந்தார். 1966-ல புத்தகமா வந்தது. ஓநாய்கள் நெருங்கிச் சோதிச்சுப் பார்த்த மூஸ் 77. கொன்னது 6. ஆறே ஆறு! அதைவிட முக்கியமான சங்கதி, ஓடாம திரும்பி நின்ன மூஸ் ஒண்ணைக்கூட அவர் பார்த்த வேட்டைகள்ல ஓநாய்களால கொல்ல முடியலை. கூட்டமா வந்தும் சும்மா பார்த்துட்டுப் போயிடுச்சுங்க.

நம்ம நண்பன் என்ன பண்ணினான்? திரும்பி நின்ன ஆண் எல்க்கை நேருக்கு நேரா போய்க் கடிச்சான். தனியா. மூணு தடவை. நிஜ ஓநாயா இருந்திருந்தா மூணு தடவைங்கிற பேச்சே இல்லை, முதல் தடவையே கதை முடிஞ்சிருக்கும்.

ஓநாயோட உடம்பும் அப்படித்தான். புலி மாதிரி முன்னங்காலால கட்டிப் பிடிச்சுச் சாய்க்க முடியாது. உள்ளிழுத்து வச்சுக்கற கூர்நகம் கிடையாது. கடிச்சுத் தொங்கணும், விடணும், திரும்ப ஓடணும், திரும்பக் கடிக்கணும். அந்த நேரம் பூரா குளம்பு எட்டற தூரத்துல மண்டையும் விலாவும் இருக்கும். இரை உதைச்சுச் செத்த ஓநாய்கள் நிஜமாவே உண்டு.

புகார் 2: "கூட வர்ற ஓநாய் ஓரமா நிக்குது, ஏ.ஐ. மோசம்."

இதைக் கேட்டாத்தான் எனக்கு ரொம்பச் சிரிப்பு வரும். 2012-ல டேனியல் மெக்நல்ட்டியும் கூட்டாளிகளும் யெல்லோஸ்டோன் வேட்டைகளை வச்சு ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. எல்க் வேட்டையில நாலு ஓநாய் வரைக்கும்தான் கூட்டம் கூடக்கூட வெற்றி கூடுது. அதுக்கு மேல சேர்ந்தா பிரயோஜனம் இல்லை. காரணம்? மிச்சப் பேர் ஓரமா நின்னு வேடிக்கை பார்க்குறாங்க! உதை வாங்கறது ஒருத்தன், பந்தியில எல்லாருக்கும் இடம். நம்ம ஆபீஸ் கதையேதான். பைசன் மாதிரி ரொம்ப ஆபத்தான இரைன்னா மட்டும் பத்துக்கு மேல சேர்ந்தாலும் பலன் இருக்குன்னு அதே குழு அப்புறமா கண்டுபிடிச்சது. அங்க யாரும் சும்மா நின்னா வேலை நடக்காது.

அதனால உங்க ஜோடி தயங்கி நின்னா உடனே புரோகிராமரைத் திட்டாதீங்க. ஓநாய் புத்திசாலியா இருக்கும்னும் கொஞ்சம் யோசிங்க.

புகார் 3: "கேம்னா ஜெயிக்கணும். தோத்துக்கிட்டே இருக்கறதுல என்ன சுகம்?"

இதுதான் மூலவியாதி. மத்த கேமெல்லாம் நமக்கு ஒரு பழக்கத்தைக் கத்துக்குடுத்துடுச்சு. எதிர்ல தலைக்குமேல ஒரு பட்டையோட ஏதாவது வந்தா, அந்தப் பட்டை காலியாகிற வரைக்கும் அடிக்கணும். பெருசா இருந்தா ரொம்ப நேரம் அடிக்கணும். விட்டுட்டுப் போனா அது கோழைத்தனம், இல்லைன்னா லெவல் பத்தலை.

இந்தக் கேம்ல விட்டுட்டுப் போறதுதான் வேட்டை. எனக்கு இது புரிய ஒரு சாவு தேவைப்பட்டது.

அயர்ன்உல்ஃப்னு ஒரு முறை இருக்கு. செத்தா செத்ததுதான், திரும்ப எழுந்து வர முடியாது. அதுல ரெண்டு வாரமா ஒரு ஓநாயை வளர்த்து வச்சிருந்தேன். நாலு குட்டி. எல்லாம் பசியில கத்துதுங்க. ஒரு எல்க் கூட்டத்தைக் கிளப்பினேன். பின்தங்கி ஓடின பெண் எல்க் ஒண்ணு கண்ணுல பட்டது. ஆனா பக்கத்துல கொம்போட ஒரு ஆம்பளை. "இதை அடிச்சா எத்தனை கிலோ கறி!"ன்னு புத்தி போச்சு. பின்னங்காலைப் பிடிச்சேன். ஒரு உதை. விடலை. ரெண்டாவது உதை. பட்டையில பாதி போச்சு, அப்பவும் விடலை, ஏன்னா அதோட பட்டையும் பாதி போயிருந்தது. "இன்னும் கொஞ்சம்தான், இன்னும் கொஞ்சம்தான்"... மூணாவது உதையில ஓநாய் படுத்துடுச்சு. அவ்ளோதான். அந்தக் குட்டிகளை அப்புறம் நான் பார்க்கவே இல்லை.

கம்ப்யூட்டரை மூடிட்டுப் படுத்தேன், தூக்கம் வரலை. சிரிப்பீங்க, பரவாயில்லை. எந்த கேமும் என்னை அப்படிக் குத்தினதில்லை. ஏன்னா எல்க் என்னைக் கொல்லலை, என் பேராசைதான் கொன்னுது. முதல் உதையிலேயே விட்டிருந்தா நஷ்டம் கொஞ்சம் மூச்சுதான்.

நிஜத்துலயும் ஓநாய் செய்யறது அதுதான். கூட்டத்தைக் கிளப்பி ஓட விட்டு, யார் நொண்டுறா, யார் பின்தங்கறான்னு பார்க்கும். இல்லைன்னா அடுத்த கூட்டம். பட்டினியா நாலஞ்சு நாள் கிடக்கும், கிடைச்ச அன்னிக்கு ஒரே வேளையில ஒன்பது பத்து கிலோவை உள்ள தள்ளும்.

இப்ப வீரத் திருமகன்களுக்கு வர்றேன். "தனியாவே ஆண் எல்க்கை முடிச்சேன், பைசனை முடிச்சேன்"னு வீடியோ போடற மகராசன்கள். திறமை இல்லைன்னு சொல்லலை. ஆனா அது ஓநாய் விளையாட்டு இல்லை சாமி, ஓநாய்த் தோல் போர்த்தின பாஸ் ஃபைட். இந்த விஷயத்துல கேம் மேலயும் எனக்குக் கோபம் உண்டு. பொறுமையும் நல்ல விரலும் இருந்தா இதெல்லாம் முடியும்ங்கிற அளவுக்கு அது இன்னும் தாராளமாத்தான் இருக்கு. நிஜத்தைவிட எத்தனையோ மடங்கு நமக்கு வேட்டை கிடைக்குது. என்னைக் கேட்டா இன்னும் கஷ்டமாக்கணும். சின்னப் பசங்களுக்குச் சுலபமான முறை இருக்கட்டும், அதுல எனக்குத் தகராறு இல்லை. நமக்கு எதுக்கு?

"ஒரு கேமுக்கு இவ்ளோ கொதிக்கணுமா?"ன்னு கேக்கலாம். கொதிக்கணும்ங்க. "ஓநாய்னா போனா கொன்னுட்டுத்தான் வரும்"ங்கிற கதை சும்மா கதை இல்லை. அந்தக் கதையை நம்பித்தான் யெல்லோஸ்டோன்லயே 1926 வாக்குல ஓநாயைச் சுத்தமா ஒழிச்சாங்க. பூங்கா ஊழியர்களே சுட்டாங்க. திரும்ப கனடாவுல இருந்து 31 ஓநாயைக் கொண்டுவந்து விட 1995, 1996 வரைக்கும் ஆச்சு.

அதுக்கப்புறம் வடபகுதி எல்க் கூட்டம் குறைஞ்சது உண்மை. 1990-கள்ல பத்தொன்பதாயிரம் பக்கம் இருந்தது, 2013-ல நாலாயிரத்துக்கும் கீழே. உடனே பழி பூரா ஓநாய் மேல. கரடி, பூமா, வறட்சி, மனுஷன் துப்பாக்கி எல்லாம் கணக்குலயே வரலை. இத்தனைக்கும் 2006-ல வந்த ஒரு ஆய்வு பார்த்தது என்னன்னா, ஓநாய் அடிச்ச பெண் எல்க்குகளோட சராசரி வயசு பதினாலு பக்கம், பெரும்பாலும் குட்டி போடற காலம் முடியப்போற கிழடு. மனுஷ வேட்டைக்காரங்க சுட்டது ஆறு ஏழு வயசு, குட்டி போடற பருவம். யார் கூட்டத்தைக் குறைச்சிருப்பாங்கன்னு நீங்களே கணக்குப் போடுங்க.

2021-ல பக்கத்து மாநிலங்களான ஐடஹோவும் மொன்டானாவும் ஓநாய் வேட்டைச் சட்டங்களைத் தளர்த்தின. அந்தக் குளிர்காலத்துல மட்டும் பூங்கா எல்லையைத் தாண்டி வெளிய போன யெல்லோஸ்டோன் ஓநாய்கள் இருபதுக்கு மேல செத்துச்சுங்க. எல்லைக்கோடு அதுங்களுக்கு எப்படித் தெரியும்?

அதனாலதான் சொல்றேன். பட்டனை அமுக்கினா எல்க் விழணும்னு கேக்கறவங்க, தெரிஞ்சோ தெரியாமலோ அதே பழைய பொய்யைத்தான் கேக்கறாங்க. அஞ்சுல நாலு தடவை தோத்து, நொண்டி, பசியோட நடந்து போற ஓநாயை ஒரு கேம் காட்டுதுன்னா, அதைக் கெடுக்காதீங்க.

நண்பனுக்கு: மச்சி, முயல் தின்னா கேவலம் இல்லைடா. அடுத்த தடவை கூட்டத்தைக் கிளப்பிட்டுச் சும்மா நின்னு பாரு. கடைசியா ஓடறது யாருன்னு பாரு. எல்லாம் நல்லா ஓடுச்சுன்னா, விட்டுட்டுப் போ. நாளைக்கும் நீ உயிரோட இருக்கணும்ல?