கொல்லிமலை மாணவர்களின் கோடை விடுமுறை: ஒருநாள் வழிகாட்டி முகாம் போதுமா?

2024ஆம் ஆண்டு பச்சைமலையைச் சேர்ந்த ஒரு பழங்குடி மாணவி, ஜே.இ.இ. தேர்வு எழுதித் திருச்சி என்.ஐ.டி.யில் இடம் பெற்றார். அடுத்த ஆண்டு, கல்வராயன் மலையைச் சேர்ந்த இன்னொரு மாணவி சென்னை ஐ.ஐ.டி.யில் சேரும் தகுதியைப் பெற்றார். இருவரும் அரசுப் பள்ளிகளில் படித்தவர்கள். தமிழ்நாடே பாராட்டியது. நாமும் மகிழ்ந்தோம். அல்ஹம்துலில்லாஹ்.

மகிழ்ச்சி அடங்கிய பிறகு ஒரு கேள்வி எஞ்சுகிறது. மலையிலிருந்து ஒரு பிள்ளை நல்ல கல்லூரிக்குப் போவது ஏன் இன்னும் தலைப்புச் செய்தியாக இருக்கிறது? சென்னையிலோ கோவையிலோ ஒரு மாணவி என்.ஐ.டி.யில் சேர்ந்தால் யாரும் செய்தி போடுவதில்லை. அது வழக்கமாகிவிட்டது. மலையில் அது ஏன் வழக்கமாகவில்லை?

பச்சைமலைக்கும் கல்வராயன் மலைக்கும் அருகில் இருப்பதுதான் கொல்லிமலை. மூன்று மலைகளிலும் பெரும்பான்மையாக வாழ்பவர்கள் மலையாளி என்ற பழங்குடி மக்கள். கேரளத்து மலையாளிகளோடு இவர்களைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். மலையை ஆள்பவர், மலையில் வாழ்பவர் என்ற பொருளில் வந்த பெயர் இது. இந்தக் கட்டுரை கொல்லிமலையை முன்வைத்துப் பேசினாலும், இதில் நம் மஹல்லாக்களுக்கும் பாடம் இருக்கிறது.

ஒரே மாவட்டம், இரண்டு உலகம்

கொல்லிமலை நாமக்கல் மாவட்டத்தில் இருக்கிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மலையில் சுமார் 40,000 பேர் வாழ்கிறார்கள். காரவள்ளியிலிருந்து செம்மேடு ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஆகாய கங்கை அருவிக்காக நம்மில் பலர் குடும்பத்தோடு போய் வந்திருப்போம். அன்னாசியும் பலாவும் மிளகும் வாங்கி வந்திருப்போம்.

அந்த வளைவுகளுக்குக் கீழே இருக்கும் நாமக்கல்லையும் நமக்குத் தெரியும். நாமக்கல், இராசிபுரம், திருச்செங்கோடு வட்டாரத்து உறைவிடப் பள்ளிகள் ஒரு காலத்தில் தமிழ்நாட்டின் மருத்துவ, பொறியியல் இடங்களுக்கான வாசலாகவே பேசப்பட்டன. தமிழ்நாட்டில் தொழிற்கல்விக்கான பொது நுழைவுத் தேர்வு 2007இல் நீங்கி, பிளஸ் 2 மதிப்பெண்ணே எல்லாவற்றையும் முடிவு செய்தபோது அந்தப் பள்ளிகளின் மவுசு இன்னும் கூடியது. தஞ்சை, இராமநாதபுரம் கடற்கரை ஊர்களிலிருந்துகூட நகையை அடகு வைத்துப் பிள்ளைகளை அங்கே அனுப்பினார்கள். நம் சமுதாயத்துப் பெற்றோரும் அதில் உண்டு.

ஆக, கல்லூரிக்குத் தயார் செய்யும் தொழிலின் தலைநகரமும் கொல்லிமலையும் ஒரே மாவட்டம். நடுவே இருப்பது சுமார் 55 கிலோமீட்டர். ஆனால் அந்தப் பயிற்சி, பணம் உள்ளவருக்கு மட்டுமே கிடைத்த பயிற்சி. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் எழுத்தறிவு 80.1 சதவீதம், மாநிலத்தின் பழங்குடி மக்களிடையே அது 54.3 சதவீதம். படிக்காத பெற்றோரின் பிள்ளைக்கு அறிவு குறைவதில்லை. எந்தப் படிவத்தை எப்போது நிரப்ப வேண்டும் என்று சொல்லித் தர வீட்டில் ஆள் இருப்பதில்லை. குறை அங்கேதான் இருக்கிறது.

1 சதவீதமும் 7.5 சதவீதமும்

மலைப் பிள்ளைகளுக்குச் சட்டம் திறந்து வைத்திருக்கும் வாசல்கள் மூன்று.

முதலாவது, தமிழ்நாட்டின் 69 சதவீத இட ஒதுக்கீட்டில் பழங்குடியினருக்கான 1 சதவீதம்.

இரண்டாவது, 6 முதல் 12ஆம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கான 7.5 சதவீத முன்னுரிமை. 2020இல் மருத்துவப் படிப்புக்கும், 2021இல் பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்ற தொழிற்படிப்புகளுக்கும் இது வந்தது. இதில் சேர்பவர்களின் படிப்புக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. இங்கே ஒரு எச்சரிக்கை. ‘மேல் வகுப்பை மட்டும் நல்ல பள்ளியில் படிக்கட்டும்’ என்று 9ஆம் வகுப்பிலோ 11ஆம் வகுப்பிலோ தனியார் பள்ளிக்கு மாற்றினால் இந்த உரிமை போய்விடும். அரசு உதவி பெறும் பள்ளியும் இதில் சேராது. நம் பகுதிகளிலும் பலர் இதை அறியாமலேயே பிள்ளையை மாற்றிவிடுகிறார்கள்.

மூன்றாவது, ஐ.ஐ.டி., என்.ஐ.டி., மத்தியப் பல்கலைக்கழகங்கள் போன்ற ஒன்றிய அரசின் நிறுவனங்களில் பழங்குடியினருக்கான 7.5 சதவீதம். ஐ.ஐ.டி.களிலும் என்.ஐ.டி.களிலும் பழங்குடி மாணவர்களுக்குக் கல்விக் கட்டணம் முழுவதும் தள்ளுபடி.

பழங்குடியினர் என்ற அடிப்படையில் மாநிலத்தில் 1 சதவீதம், ஒன்றிய நிறுவனங்களில் 7.5 சதவீதம். அந்த வகையில் பெரிய வாசல் இருப்பது ஊரிலிருந்து தொலைவில். ஆனால் அந்த வாசலுக்குப் பூட்டு உண்டு. அதன் பெயர் நுழைவுத் தேர்வு.

இந்தத் தேர்வுகளின் நாட்களைக் கவனியுங்கள். ஜே.இ.இ. மெயின் முதல் அமர்வு ஜனவரியில் நடக்கிறது. அதற்கு முந்தைய ஆண்டின் இறுதியிலேயே விண்ணப்பிக்க வேண்டும். சட்டப் படிப்புக்கான கிளாட் தேர்வு இப்போது டிசம்பரில் நடக்கிறது. நீட் தேர்வும் மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான கியூட் தேர்வும் பிளஸ் 2 முடிந்த பிறகு நடந்தாலும், விண்ணப்பத்தின் கடைசி நாள் பொதுத் தேர்வு முடிவுக்கு வெகு முன்பே கடந்துவிடுகிறது.

முடிவு வந்த பிறகு வரும் முகாம்

2022 மார்ச் 1 அன்று தமிழ்நாடு அரசு ‘நான் முதல்வன்’ திட்டத்தைத் தொடங்கியது. அதன் ஒரு பகுதியாக அதே ஆண்டு ஜூனில் ‘கல்லூரிக் கனவு’ வந்தது. பிளஸ் 2 முடித்தவர்களை அழைத்து, என்ன படிக்கலாம், எங்கே சேரலாம், என்ன உதவித்தொகை உண்டு என்று விளக்கும் நிகழ்ச்சி அது. பின்னர் ‘உயர்வுக்குப் படி’ வந்தது. பிளஸ் 2 முடித்தும் எங்கும் சேராத பிள்ளைகளைத் தேடிப் பிடித்துச் சேர்ப்பது அதன் நோக்கம். அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரிலும், ஆண்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்ட்டிலும் தொடங்கின. இவை நல்ல முயற்சிகள். நன்மையை நன்மை என்று சொல்வதில் நமக்குத் தயக்கம் வேண்டாம்.

ஆனால் ‘கல்லூரிக் கனவு’ போன்ற ஒருநாள் நிகழ்ச்சி, பிளஸ் 2 முடித்தவருக்கானது. அப்போது மாநிலக் கல்லூரிகளின் கதவு திறந்திருக்கும். மேலே சொன்ன மூன்றாவது வாசல் பெரும்பாலும் மூடியிருக்கும். மே மாதத்தில் மேடையில் ஒருவர் ஐ.ஐ.டி. பற்றிப் பேசுவதைக் கேட்கும் பிள்ளைக்கு, ‘இது போன ஆண்டே தெரிந்திருந்தால்’ என்ற ஏக்கம்தான் மிஞ்சும்.

சரியான காலம் எது? பிளஸ் 1 முடித்து, பிளஸ் 2 தொடங்குவதற்கு முன்னால் வரும் கோடை விடுமுறை. 2025 ஆகஸ்ட் 8 அன்று வெளியான மாநிலக் கல்விக் கொள்கையை அடுத்து பிளஸ் 1 பொதுத் தேர்வு கைவிடப்பட்டது. பிள்ளைகளின் சுமை குறைந்தது உண்மை. ஆனால் அந்தப் பொதுத் தேர்வு 2018இல் ஏன் வந்தது என்பதை மறக்கக் கூடாது. பல தனியார் பள்ளிகள் பிளஸ் 1 பாடத்தை ஓரங்கட்டிவிட்டு இரண்டு ஆண்டுகளும் பிளஸ் 2 பாடத்தையே நடத்தின. நீட், ஜே.இ.இ. இரண்டிலும் பிளஸ் 1 பாடத்துக்குப் பெரிய பங்கு உண்டு. இனி அந்தப் பாடம் மனத்தில் நிற்கிறதா என்று சோதிக்கப் பொதுத் தேர்வு இல்லை. அந்தக் கோடை விடுமுறைக்கு இப்போது முன்னைவிட மதிப்பு கூடியிருக்கிறது.

தங்கிப் படிக்கும் ஆறு வாரம்

அமெரிக்காவில் 1964இல் வறுமை ஒழிப்புக்கான சட்டம் ஒன்று வந்தது. அதன் கீழ் அடுத்த ஆண்டு ‘அப்வர்ட் பவுண்ட்’ என்ற திட்டம் பிறந்தது. வீட்டில் யாரும் கல்லூரி வாசலை மிதிக்காத உயர்நிலைப் பள்ளி மாணவர்களைக் கோடையில் ஏறத்தாழ ஆறு வாரம் கல்லூரி விடுதியிலேயே தங்கவைத்துப் பாடம் சொல்லிக்கொடுப்பது அதன் முக்கிய அம்சம். கைச்செலவுக்குச் சிறு தொகையும் தருவார்கள். அறுபது ஆண்டுகளாக அது நடக்கிறது.

அந்தத் திட்டத்தைப் பற்றிய தேசிய அளவிலான மதிப்பீடு ஒரு முக்கியமான உண்மையைச் சொன்னது. மொத்தமாகப் பார்த்தால், திட்டத்தில் சேர்ந்தவர்களுக்கும் சேராதவர்களுக்கும் கல்லூரிச் சேர்க்கையில் பெரிய வேறுபாடு தெரியவில்லை. ஆனால் ‘பட்டப்படிப்பு நமக்கு எட்டாது’ என்று தொடக்கத்தில் நினைத்த மாணவர்களிடம் பலன் தெளிவாகத் தெரிந்தது. எப்படியும் போகக்கூடிய பிள்ளை, முகாம் இல்லாவிட்டாலும் போய்விடுகிறது. தயங்கி நிற்கும் பிள்ளைக்குத்தான் முகாம் தேவைப்படுகிறது.

நம் நாட்டில் வேறொரு வழி பிரபலம். பாட்னாவில் 2002இல் ‘சூப்பர் 30’ தொடங்கியது. அதை முன்மாதிரியாகக் கொண்டு 2008இல் மௌலானா முஹம்மது வலீ ரஹ்மானி அவர்கள் ‘ரஹ்மானி 30’ பயிற்சியைத் தொடங்கினார்கள். ஓர் ஆலிம், கான்காஹ் மரபில் வந்தவர், ஐ.ஐ.டி. பயிற்சிக்கு முன்கை எடுத்தது நம் அனைவருக்கும் முன்மாதிரி. 2021இல் மறைந்த அவர்களின் பணியை அல்லாஹ் ஏற்றுக்கொள்வானாக. அந்த முறையில் தேர்வு வைத்து மிகச் சிறந்த சிலரைப் பொறுக்கியெடுப்பார்கள். அதற்கும் இடம் உண்டு. ஆனால் கொல்லிமலைக்கு அது மட்டும் போதாது. வகுப்பில் முதல் இரண்டு பேரை மட்டும் கூட்டிச் சென்றால், இன்னும் இரண்டு தலைப்புச் செய்திகள் கிடைக்கும். நடுவில் அமர்ந்திருக்கும் இருபது பேரையும் கூட்டிச் சென்றால்தான் வழக்கம் மாறும்.

அப்படி ஒரு முகாம் நடத்தினால் அதில் நான்கு விஷயங்கள் இருக்க வேண்டும்.

ஒன்று, தங்கும் வசதி. தினமும் 70 வளைவுகள் இறங்கி ஏறி யாரும் படிக்க முடியாது. விடுதி வாழ்க்கை, நூலகம், ஆய்வகம், தெரியாத ஊர் ஆகியவற்றின் மீதான பயம் தங்கிப் பழகினால்தான் தெளியும்.

இரண்டு, கூலி இழப்புக்கு ஈடு. ஏழை வீட்டில் கோடை விடுமுறை என்பது பிள்ளையும் வேலைக்குப் போகும் காலம். இலவசப் பயிற்சி என்று நாம் சொல்வது அந்த வீட்டுக்கு இலவசமல்ல. ஆறு வார வருமானம் போகிறது. அதற்கு ஒரு தொகை கொடுக்காமல், ‘பெற்றோருக்கு அக்கறை இல்லை’ என்று குறை சொல்வது நியாயமாகாது.

மூன்று, சான்றிதழ். பழங்குடியினர் சாதிச் சான்றிதழை வட்டாட்சியர் தர முடியாது. கோட்டாட்சியர்தான் தர வேண்டும். விசாரணைக்கு நாள் பிடிக்கும். ஆதாரில் ஒரு பெயர், மதிப்பெண் பட்டியலில் ஒரு பெயர் என்றிருந்தால் இன்னும் தாமதம். பிளஸ் 1 கோடையிலேயே இவற்றை முடித்துவிட்டால், கலந்தாய்வு நாளில் கண்ணீர் விட வேண்டியிருக்காது.

நான்கு, சேர்ந்த பிறகும் ஒரு துணை. இடம் கிடைத்தும் வகுப்பு தொடங்கும் நாளில் வராமல் போகும் ஏழை மாணவர்களைப் பற்றி அமெரிக்காவில் இரண்டு ஆய்வாளர்கள் 2014இல் ஒரு நூலே எழுதினார்கள். காரணங்கள் சாதாரணமானவை: ஒரு படிவம் புரியவில்லை, ஒரு கட்டணத்துக்குப் பணம் இல்லை, கேட்க ஆள் இல்லை. முதல் பருவத் தேர்வு வரை வாரம் ஒருமுறை தொலைபேசியில் விசாரிக்க ஒருவர் இருந்தாலே பல பிள்ளைகள் நிலைத்துவிடுவார்கள்.

‘நுழைவுத் தேர்வே அநீதி, அதற்குப் பயிற்சி கொடுப்பது அதை ஏற்பதாகாதா?’ என்று சிலர் கேட்கலாம். நீட் தேர்வை எதிர்க்கும் நியாயம் அப்படியே இருக்கட்டும். கொள்கைக்காகப் போராடுவது பெரியவர்களின் வேலை. அது முடியும்வரை ஒரு தலைமுறைப் பிள்ளைகளை வாசலிலேயே காக்க வைக்க நமக்கு உரிமை இல்லை.

நாம் செய்யக் கூடியது

மலையிலேயே அரசுப் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகள் இருக்கின்றன. செங்கரையில் ஏகலைவா மாதிரி உண்டு உறைவிடப் பள்ளி இருக்கிறது. கட்டடமும் விடுதியும் புதிதாகத் தேவையில்லை. கோடையிலும் அவை திறந்திருக்க ஆசிரியருக்கு ஊதியம், சமையலுக்கு ஒதுக்கீடு, மாணவருக்கு உதவித்தொகை ஆகியவைதான் தேவை. இதை அரசிடம் கேட்க வேண்டும்.

நம் பங்கும் உண்டு. ஒவ்வொரு மே மாதமும் நம் ஜமாஅத்துகள் பள்ளிவாசல் வளாகத்திலோ திருமண மண்டபத்திலோ கல்வி வழிகாட்டி நிகழ்ச்சி நடத்துகின்றன. அழைப்பிதழ், மேடை, பொன்னாடை, பிரியாணி என்று ஒரு நாளில் முடிகிறது. நோக்கம் தூய்மையானது. ஆனால் கொல்லிமலைப் பிள்ளைக்குச் சொன்ன அதே குறை இங்கும் இருக்கிறது. நம் பிள்ளைகளும் முடிவு வந்த பிறகுதான் அழைக்கப்படுகிறார்கள்.

1951இல் தொடங்கிய திருச்சி ஜமால் முஹம்மது கல்லூரி போல, நம் முன்னோர் வியர்வை சிந்தி எழுப்பிய கல்லூரிகள் தமிழ்நாடு முழுவதும் இருக்கின்றன. விடுமுறையில் விடுதி அறைகள் ஓய்வாகவே இருக்கும். அவற்றில் ஒன்றிரண்டு, ஆறு வாரத்துக்கு ஐம்பது பிளஸ் 1 மாணவர்களை ஏற்கட்டும். அதில் பாதி நம் மஹல்லா அரசுப் பள்ளிப் பிள்ளைகள், பாதி மலைப் பிள்ளைகள் என்று இருக்கட்டும். ஸகாத்துக்கு மார்க்கம் வகுத்த வரம்புகள் உண்டு. ஆனால் ஸதகாவுக்கு முஸ்லிம், முஸ்லிமல்லாதவர் என்ற தடை இல்லை. அண்டை வீட்டாரின் உரிமையைப் பற்றி மிம்பரில் பேசும் நமக்கு, மலைமேல் இருக்கும் அண்டை வீட்டாரும் அண்டை வீட்டாரே.

அடுத்த கோடைக்கு இன்னும் காலம் இருக்கிறது. உங்கள் ஊர் அரசு மேல்நிலைப் பள்ளித் தலைமையாசிரியரைச் சந்தித்து, இப்போது பிளஸ் 1 படிப்பவர்களில் எத்தனை பேரின் பெற்றோர் கல்லூரிக்குப் போகாதவர்கள் என்று ஒரு பட்டியல் கேளுங்கள். வேலை அந்தப் பட்டியலிலிருந்து தொடங்கட்டும், இன்ஷா அல்லாஹ்.