காட்டுக்குள் கடவுள் புகுந்த கதை

"தி ரெவனன்ட்" என்ற அமெரிக்க சினிமாப் படத்தைப் புகழாத பத்திரிகை இல்லை. 2016இல் அதற்கு மூன்று ஆஸ்கார் பரிசுகள் கிடைத்தன. அதில் நடித்த லியோனார்டோ டிகாப்ரியோ கடுங்குளிரில் உருண்டதையும் பச்சை ஈரலைத் தின்றதையும் இன்றும் வியந்து பேசுகிறார்கள். சந்தவாசல் தோழர்கள் பலநாள் வற்புறுத்தி நமக்கும் அப்படத்தைக் காட்டினார்கள். பனியும் ஆறும் அழகாகவே படமாக்கப்பட்டிருக்கின்றன. கரடி பாயும் இடத்தில் நாமும் சற்று நடுங்கினோம். ஆனாலும் முடிவில் நமக்கு ஏற்பட்டது ஏமாற்றமேயாகும்.

ஏனெனில் இது வெறும் கற்பனைக் கதையல்ல. ஹியூ கிளாஸ் என்னும் வேட்டைக்காரன் 1823இல் கரடியால் குதறப்பட்டான். காவலுக்கு வைக்கப்பட்ட இருவர், இவன் எப்படியும் சாவான் என்று அவன் துப்பாக்கியையும் எடுத்துக்கொண்டு ஓடிவிட்டார்கள். அவனோ ஊர்ந்தும் நடந்தும் சுமார் 200 மைல் கடந்து கியோவா கோட்டையை அடைந்தான். பிறகு பழிவாங்கத் தேடிப்போய், இருவரில் இளையவனை வயதைக் கருதி மன்னித்தான். மற்றவனான ஃபிட்ஸ்ஜெரால்டு பட்டாளத்தில் சேர்ந்துவிட்டபடியால் அவன்மேல் கைவைக்காமல், தன் துப்பாக்கியை மாத்திரம் திரும்பப் பெற்றுக்கொண்டு போனான். வழிவழியாகச் சொல்லப்படும் வரலாறு இதுதான். மனிதன் தன் உடம்பாலும் புத்தியாலும் பிழைத்தான்; பழியையும் தானே யோசித்து விட்டான்.

படக்காரருக்கு இது போதவில்லை. சரித்திர ஆதாரமில்லாத ஒரு மகனை உண்டாக்கி, அவனைக் கொல்லவும் வைத்து, பழிக்கு வழி செய்துகொண்டார்கள். நடுவழியில் பானி இனத்துச் செவ்விந்தியன் ஒருவன் கிளாசுக்கு இறைச்சி கொடுத்து, குடிசை போட்டுக் காப்பாற்றி, "பழி படைத்தவன் கையில்" என்று உபதேசமும் செய்கிறான். உபதேசித்த அந்த நல்லவனைச் சீக்கிரமே மரத்தில் தூக்கிலிட்டுத் தொங்கவிடுகிறார்கள்! படைத்தவனுடைய கை அப்போது எங்கே போயிற்று என்று கேட்கின்றோம்.

கடைசிக் காட்சி இதைவிட மோசம். கதாநாயகன் எதிரியைக் குத்திக் குலைத்துவிட்டு, உயிர் போகும் தறுவாயில் அந்த உபதேசத்தை நினைத்துப் பழியைக் கடவுளுக்கு விட்டு, ஆற்றில் தள்ளிவிடுகிறான். சற்றுத் தள்ளி அரிக்காரா இனத்தார் ஆயுதத்தோடு நிற்பதைப் பார்த்துக்கொண்டுதான் தள்ளுகிறான்! அவர்கள் தலைத்தோலை உரித்துக் காரியத்தை முடிக்கிறார்கள். ஆகவே கடவுளின் கை என்பது அரிக்காரர்களின் கத்தியாகவே முடிகிறது. கொலை காட்டார் தலையில், புண்ணியம் நாயகன் கணக்கில், பெருமை கடவுளுக்கு!

(சந்தவாசலுக்குப் பக்கத்துப் படவேட்டில் ரேணுகாம்பாள் கதை கேட்டவர்களுக்கு இது புதிதல்ல. தகப்பன் சொல்லுக்காகத் தாயின் தலையை வெட்டிய அவதாரம், தகப்பனுக்காக இருபத்தொரு தலைமுறை அரசரை வெட்டியதாம்.)

வேறு ஊரில் பார்த்திருந்தால் சிரித்துவிட்டு வந்திருப்போம். சந்தவாசலில் பார்த்ததால்தான் உறுத்தியது. 2015 ஏப்ரல் 7இல் ஆந்திரத்துச் சேஷாசலக் காட்டில், செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று 20 தமிழர் போலீசாரால் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலோர் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டத்து ஏழைகள். ஜவ்வாது மலையிலும் அதன் அடிவாரத்திலும் பிணம் வந்து சேர்ந்த வீடுகள் உண்டு. தற்காப்புக்காகச் சுட்டோம் என்றார்கள் போலீசார். அவ்வீட்டுப் பெண்டுகளிடம் "கடவுள் பார்த்துக்கொள்வார்" என்பதைவிடக் கொன்றவர்களுக்குச் சௌகரியமான ஆறுதல் வேறு என்ன இருக்கிறது?

பிழைத்து வந்தவர்களும் உண்டு. ஒருவர், பேருந்தில் ஒரு பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததால் பிடிபடாமல் தப்பியதாகச் சொன்னார். அவர்கள் பழியைக் கடவுளிடம் ஒப்படைத்துவிட்டு வீட்டில் படுத்துக்கொள்ளவில்லை. டில்லிவரை போய், தேசிய மனித உரிமை ஆணையத்தில் வாக்குமூலம் கொடுத்தார்கள். அந்தக் கதையை யாராவது படமெடுத்தால் நாம் டிக்கட்டு வாங்கிப் பார்க்கத் தயாராயிருக்கிறோம்.