ஹிட்சை இறக்கி வைக்கும் நாள்



மேப்பிள் இலைகள் உதிர்ந்து வாசலை மூடுகிற நாட்கள் வந்துவிட்டன. கேம்பிங் டிரெய்லர் வைத்திருக்கும் குடும்பங்களுக்கு இது மூட்டை கட்டும் பருவம். தண்ணீர்க் குழாய்களைக் காற்றடித்துக் காலி செய்து, நீர் உறையாமல் தடுக்கும் இளஞ்சிவப்புத் திரவத்தை ஓடவிட்டு, பேட்டரியைக் கழற்றி, டிரெய்லரைக் குளிர்காலத்துக்கு நிறுத்தியாயிற்று. பாக்கி இருப்பது ஒரே ஒரு வேலை. பிக்கப் டிரக்கின் பின்பக்கத் தொட்டியில், கோடை முழுவதும் நம் நடமாடும் வீட்டைப் பிடித்து இழுத்துவந்த அந்த இரும்பு, ஹிட்ச், இன்னும் உட்கார்ந்திருக்கிறது.

சென்ற இதழில் வந்த கேம்பிங் பயணக் கட்டுரையைப் படித்துவிட்டு, கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருந்தார். யாழ்ப்பாணத்தில் பிறந்தவர், முப்பது ஆண்டுகளுக்கு மேல் அங்கே வசிப்பவர். கட்டுரையைப் பாராட்டி நான்கு வரி. அதன் பிறகு இப்படி: "இவருக்கு இந்த வருஷம் முதுகிலை ஒப்பரேஷன் செய்தது. இனிப் பாரம் தூக்க ஏலாது. ஹிட்சை நான் தனிய இறக்கிறது எப்பிடி எண்டு ஆராவது எழுதுவினமே?"

கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இந்த ஒரு கேள்விக்கே இந்தப் பக்கம் முழுவதையும் கொடுத்துவிடலாம் என்று தோன்றியது. நானும் இங்கே மிச்சிகனில் அக்டோபர்தோறும் இதே வேலையைச் செய்கிறவன். அதைத் தப்பாகச் செய்து பட்டவனும்கூட.

டிரெய்லர் பழக்கமில்லாத வாசகர்களுக்கு முதலில் இரண்டு வார்த்தை. சென்னைத் துறைமுகத்துக்கோ தூத்துக்குடித் துறைமுகத்துக்கோ போகும் சாலையில் கண்டெய்னர் ஏற்றாமல் வெறுமையாக ஓடும் லாரித் தலைகளைப் பார்த்திருப்பீர்கள். அவற்றின் முதுகில் கறுப்பாக கிரீஸ் அப்பிய ஒரு வட்டத் தட்டு சாய்ந்திருக்கும், பின்பக்கம் வாய் பிளந்தபடி. அதன் பெயர்தான் ஃபிஃப்த் வீல், ஐந்தாவது சக்கரம். குதிரை வண்டிக் காலத்துப் பெயர் இது. நான்கு சக்கர வண்டியின் முன் அச்சு திரும்புவதற்காக, அச்சுக்கும் வண்டிக்கும் நடுவில் ஓர் இரும்பு வளையத்தைக் கிடையாக வைத்தார்கள். தரையைத் தொடாத அந்த வளையம் ஐந்தாவது சக்கரமாயிற்று. விமான முன்னோடி கிளென் கர்டிஸ் பின்னாளில் வீட்டு டிரெய்லர் செய்தபோது, காரின் பின்பகுதியில் நிஜமாகவே ஒரு சக்கரத்தைப் படுக்கவைத்து அதில்தான் டிரெய்லரைக் கோத்தார்.

இன்றைய பிக்கப்பில் இருப்பது லாரித் தட்டின் தம்பி. டிரெய்லரின் மூக்கிலிருந்து 2 அங்குலத் தடிமனுள்ள எஃகு முளை ஒன்று கீழ்நோக்கித் தொங்கும். கிங்பின் என்பார்கள். ஹிட்சின் தாடைகள் அதைக் கவ்விக்கொள்ளும். சாதாரண டிரெய்லர், வண்டியின் பின்முனையில் தொங்கும். ஃபிஃப்த் வீல் டிரெய்லரோ பின் அச்சுக்கு நேர் மேலே, அல்லது அதற்குச் சற்று முன்னால் உட்காரும். தன் எடையில் நூற்றுக்குப் பதினைந்து முதல் இருபத்தைந்து பங்கை டிரக்கின் மேல் இறக்கும். 10,000 பவுண்டு டிரெய்லர் என்றால் 2,500 பவுண்டு வரை தொட்டிமேல் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைத் தாங்கி, நெடுஞ்சாலையின் குலுக்கலையும் வாங்கிக்கொள்ள வேண்டுமென்றால் ஹிட்ச் கனமாகத்தான் இருக்க முடியும். இரும்பில் 100 பவுண்டிலிருந்து 300 பவுண்டு வரை கிடைக்கிறது. எங்களுடையது 180. கிலோவில் ஏறத்தாழ 82.

அப்படியே விட்டுவைத்தால் என்ன என்று கேட்கலாம். விடலாம், சிலர் விடுகிறார்கள். ஆனால் தொட்டியின் பாதி இடம் போய்விடும். ஒரு சோபா ஏற்ற முடியாது, விறகு ஏற்ற முடியாது. டிரக் சுமக்கலாம் என்று ஓட்டுநர் கதவோரத்து ஒட்டுத்தாளில் போட்டிருக்கும் எடையில் இந்த இரும்பின் எடையும் சேர்த்தி. எல்லாவற்றுக்கும் மேலாக, எங்கள் ஊர்ச் சாலைகளில் பனிக்காலம் முழுக்க உப்புக் கொட்டுகிறார்கள். அந்த உப்புத் தண்ணீர் தாடைகளுக்குள் இறங்கினால் வசந்தத்தில் அவற்றைத் திறக்கும் பிடியை இழுக்கவே வராது.

இனி நடந்ததைச் சொல்கிறேன். டிரெய்லர் வாங்கிய முதல் ஆண்டு. மெக்கினாக் பாலத்தைத் தாண்டி மேல் மிச்சிகன் வரை போய்த் திரும்பிய மகிழ்ச்சி இன்னும் வடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம் என் மைத்துனர் வந்திருந்தார். திருநெல்வேலிப் பிள்ளை, நல்ல உழைப்பாளி. தொட்டிக்குள் ஏறிப் பார்த்தார். "அத்தான், இதுக்குப் போய் என்ன யோசனை? நீங்க அந்தப் பக்கம் பிடிங்க, ரெண்டு எட்டுல இறக்கிடலாம்" என்றார்.

பிடித்தேன். தூக்கவும் தூக்கினோம். இரண்டு எட்டும் வைத்தோம். எங்கள் இருவருக்கும் தெரியாத ஒன்று இருந்தது. ஹிட்சின் தலைப்பகுதி கால்களோடு இறுகியிருப்பதில்லை. ஏற்ற இறக்கத்தில் டிரெய்லரோடு சேர்ந்து ஆடுவதற்காக அது ஓர் அச்சில் தொங்குகிறது. நாங்கள் டெயில் கேட்டை நெருங்கிக் குனிந்தபோது அந்தத் தலை தன் போக்கில் சாய்ந்தது. பாரம் முழுவதும் ஒரே பக்கம் போயிற்று. தட்டுக்கும் காலுக்கும் நடுவில் அவருடைய வலக்கை ஆள்காட்டி விரல். அவர் கத்தவில்லை. "அத்தான், விட்டுராதீங்க" என்று மட்டும் சொன்னார். விடாமல் பிடித்துக்கொண்டேன். அந்தப் பத்து விநாடி எனக்கு இப்போதும் கனவில் வரும்.

மூன்று தையல். நகம் கறுத்து விழுந்தது. அவர் மிருதங்கம் வாசிப்பவர். அந்த ஆண்டுத் தீபாவளி விழாவில், தாளம் போட்டபடி பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

அதற்குப் பிறகுதான் நான் உட்கார்ந்து படித்தேன். தொழிலிடப் பாதுகாப்பை ஆராயும் அமெரிக்க அரசு நிறுவனமான நியோஷ், ஒருவர் கையால் தூக்குவதற்கு வைத்திருக்கும் மேல்வரம்பு 51 பவுண்டு, அதாவது 23 கிலோ. அதுவும் பொருள் உடம்போடு ஒட்டி, இடுப்புக்கும் மார்புக்கும் நடுவில், முதுகைத் திருகாமல் தூக்கும்போது. தொட்டிக்குள் குனிந்து கையை நீட்டித் தூக்கினால் அந்த வரம்பு இன்னும் கீழே இறங்கும். நாங்கள் ஆளுக்கு 90 பவுண்டு பிடித்திருந்தோம். "ரெண்டு ஆம்பளைங்க போதும்" என்ற பேச்சை நான் இந்த ஊரில் எத்தனையோ வீட்டு வாசல்களில் கேட்டிருக்கிறேன். ஒன்ராறியோச் சகோதரிக்கு நான் முதலில் சொல்ல விரும்புவது இதுதான்: அது தவறான கணக்கு. ஆள்பலத்தால் செய்கிற வேலை அல்ல இது. ஒரு கொக்கியும், சக்கரம் வைத்த ஒரு பலகையும், அவசரப்படாத மனசும் இருந்தால் நீங்கள் தனியாகச் செய்யலாம்.

நான் இப்போது செய்யும் விதம் இது. டிரக்கைச் சமதளமான சிமெண்ட் தரையில் நிறுத்திக் கைப்பிரேக் போடுகிறேன். டெயில் கேட்டை முழுவதும் கழற்றிச் சுவரோரம் சாய்த்துவிடுகிறேன். தொட்டிக்குள் ஏறி, எதையும் தொடுவதற்கு முன் கைப்பேசியில் நான்கு பக்கமும் படம் எடுத்துக்கொள்கிறேன். முக்கியமாக, தலை எந்த உயரத்துத் துளையில் பூட்டியிருக்கிறது என்று. அந்த உயரம் மாறினால் வசந்தத்தில் டிரெய்லர் மூக்கைத் தூக்கிக்கொண்டோ கவிழ்த்துக்கொண்டோ நிற்கும்.

எங்கள் ஹிட்ச் இரண்டு தண்டவாளங்களில் உட்கார்கிறது. நான்கு மூலையிலும் ஒவ்வொரு பின், பின்னின் முனையில் கொண்டை ஊசி போல ஒரு கிளிப். புது டிரக்குகள் சிலவற்றில் தண்டவாளம் இருக்காது. தொழிற்சாலையிலேயே தொட்டித் தரையில் நான்கு துளை விட்டிருப்பார்கள், அதில் கால்கள் இறங்கிப் பூட்டும். எதுவானாலும் பின் வரவில்லையென்றால் சுத்தியலை எடுக்காதீர்கள். ஹிட்ச் ஒரு பக்கம் இறுக்கிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். துரு இளக்கும் எண்ணெய் விட்டு, ஒரு காபி குடித்துவிட்டு வந்து, ஹிட்சின் காலை லேசாக அசைத்தபடி இழுத்தால் வந்துவிடும்.

தலை தனியாகக் கழலும் வகை என்றால் முதலில் அதைக் கழற்றுங்கள். கழலாது என்றால் அது ஆடாதபடி வாரால் காலோடு சேர்த்துக் கட்டுங்கள். என் மைத்துனரின் விரலுக்கு நான் செய்யத் தவறிய காரியம் இது.

தூக்குவதற்கு, மெக்கானிக் பட்டறைகளில் என்ஜினை இறக்கும் மடக்குக் கிரேன் போதும். வாடகைக்குக் கிடைக்கிறது. இரண்டு டன் என்று எழுதியிருக்கும் கிரேனின் கையை முழுவதும் நீட்டினால் அது தூக்கக்கூடியது பெரும்பாலும் அரை டன்தான், நமக்கு அதுவே தாராளம். கை எட்டுமா என்பதை மட்டும் முன்கூட்டியே அளந்து பாருங்கள். எட்டடித் தொட்டியில் சில கிரேன்களுக்கு எட்டாது. அப்போது தடித்த பலகை ஒன்றைத் தண்டவாளத்தின் மேல் சரிவாக வைத்து, ஹிட்சை வாரால் பின்பக்கம் இழுத்துக்கொள்ள வேண்டியிருக்கும். கேரேஜ் கூரைச் சட்டத்தில் செயின் பிளாக் மாட்டுகிறவர்களும் உண்டு. நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். அந்தச் சட்டங்கள் கூரையையும் பனியையும் பரவலாகத் தாங்கக் கட்டியவை. ஒரே புள்ளியில் தொங்கும் இரும்புக்காக அல்ல.

இரண்டு பக்கமும் வார் மாட்டி மூன்று அங்குலம் தூக்குங்கள். அங்கேயே நிறுத்துங்கள். சமமாகத் தொங்குகிறதா, கால்கள் தண்டவாளத்தைத் தாண்டிவிட்டனவா என்று சுற்றிவந்து பாருங்கள். அடுத்த படியில்தான் எல்லோரும் தவறுகிறார்கள். தொங்கும் பாரத்தோடு கிரேனைத் தள்ளப் பார்க்கிறார்கள். வேண்டாம். ஹிட்ச் தொங்கிய இடத்திலேயே தொங்கட்டும். வண்டியை நகர்த்துங்கள். ஓர் அடி முன்னால் எடுத்து, பிரேக் போட்டு, இறங்கிவந்து பார்த்து, மறுபடி ஓர் அடி. ஐந்தாறு தடவையில் டிரக் அதன் அடியிலிருந்து விலகிவிடும். ஹிட்சுக்கு அடியில் காலோ கையோ தலையோ போகக் கூடாது. உடனே அதைத் தாழ்த்திச் சக்கரப் பலகைமேல் உட்கார வையுங்கள். ஆளில்லாமல் தொங்கவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள்.

சக்கரப் பலகையை நானே செய்தேன். இரண்டு அங்குல மரக்கட்டைச் சட்டம், நான்கு சுழல் சக்கரம், அவற்றில் இரண்டுக்குப் பிரேக். ஹிட்சின் கால் இறங்குகிற இடத்தில் மரத்தைக் குடைந்து பள்ளம் எடுத்திருக்கிறேன், நகராது. என் மகள் எட்டு வயதிலிருந்தே அதைத் தள்ளிக்கொண்டு போய் மூலையில் விடுவாள்.

எடுத்து வைப்பதற்கு முன் பழைய கிரீஸைத் துணியால் வழித்து எடுத்துவிட வேண்டும். கோடை முழுவதும் அதில் ஒட்டிய மணல் அரத்தூள் மாதிரி. தாடையிலும் பிடியிலும் மெல்லிய எண்ணெய். மேலே பருத்தித் துணி போர்த்துகிறேன். பிளாஸ்டிக் உறையை இறுகச் சுற்றினால் உள்ளே வியர்த்துத் துருவேறும். பின்கள் நான்கு, கிளிப்கள் நான்கு, எல்லாம் ஒரு துணிப்பையில். அந்தப் பையை ஹிட்சின் பிடியிலேயே கட்டிவிடுகிறேன். மேசை இழுப்பறையில் பத்திரமாக வைத்த பின்கள் ஏப்ரலில் கிடைக்கவே கிடைக்கா. பையில் மகள் தமிழில் எழுதிய அட்டை ஒன்று தொங்குகிறது: "இடது முன்பக்கத்துப் பின் மட்டும் கொஞ்சம் வளைந்தது, மாற்றணும்."

மறுபடி பூட்டும் நாளில் போல்ட்டுகளை, தயாரிப்பாளர் கையேட்டில் குறித்த இறுக்கத்துக்குச் சரிபார்த்துவிடுங்கள். டிரெய்லரைக் கோத்த பிறகு, முன்காலைத் தூக்குவதற்கு முன் டிரெய்லர் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு லேசாக முன்னே இழுத்துப் பாருங்கள். தாடை சரியாகக் கவ்வாமல் டிரெய்லர் தொட்டிமேல் விழுந்த கதைகளை வாசகர்கள் பலர் எனக்கு எழுதியிருக்கிறார்கள்.

இன்னொரு வழியும் இருக்கிறது. அலுமினியத்தில் 40 பவுண்டு அளவில் ஹிட்சுகள் வந்திருக்கின்றன. ஒருவர் கையில் எடுத்துப் போய்விடலாம். உங்கள் டிரெய்லரின் எடைக்கும் டிரக்குக்கும் அது பொருந்துமா என்று பார்த்து, இனி இந்தக் கவலையே வேண்டாம் என்று நினைத்தால் அதற்கு மாறிக்கொள்வதும் நல்ல முடிவே.

ஒன்ராறியோச் சகோதரிக்கு: முதல் தடவை இறக்கும்போது உங்கள் கணவர் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்காரட்டும். தூக்க அல்ல, வார் சமமாக இருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல. எனக்கு 40 நிமிடம் ஆகிறது. உங்களுக்கு எவ்வளவு நேரம் ஆயிற்று என்று எழுதுங்கள், படத்தோடு. அடுத்த இதழில் இடம் வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்